வாய்தா இல்லாத நீதிமன்றம்

செவ்வாய்க் கிரகத்தின் செம்பூர்க் குடியிருப்பில், தினமும் காலையில் நீதிபதியைச் சார்ஜிலிருந்து கழற்றி, தூசி தட்டி, நாற்காலியில் உட்கார வைப்பது டவாலி ஏகாம்பரத்தின் வேலை. பிறகு ஒரு கும்பிடும் போடுவார். இயந்திரமானாலும் நீதிபதி நீதிபதிதானே.

அன்று புதிய நடைமுறை விதிகள் அமலுக்கு வந்த முதல் நாள். அவற்றை எழுதியவர் சட்டப் பேராசிரியர் அமலோற்பவம். வாய்தா என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். இனி எந்தத் தரப்பும் வாய்தா கேட்கக் கூடாது, கேட்டால் வழக்கு தோற்றது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். வக்கீல்கள் வயிறெரிந்தார்கள்.

முதல் வழக்கே அவருடையதுதான். மகள் ரெஜினா செவ்வாயில் பிறந்தவள். பலவீனமான நுரையீரல். மற்றவர்களுக்கு அளந்து தரும் மூச்சுக்காற்றையும் சேர்த்து இழுக்கிறாள் என்று, நிர்வாகம் அவளைப் பூமிக்கு அனுப்ப உத்தரவிட்டிருந்தது. அன்று மாலையே கப்பல். செவ்வாயின் லேசான ஈர்ப்பில் வளர்ந்த இதயம், பூமியில் ஒரு வாரம்கூடத் தாங்காது.

அமலோற்பவம் மருத்துவச் சான்றுகளைப் படித்து முடித்ததும் அரசு வக்கீல் சடகோபன் எழுந்தார்.

“மேடம் சொல்றது அத்தனையும் நிஜம், யுவர் ஆனர். நான் மறுத்துப் பேசப்போறதில்ல. பொண்ணு இங்கேயே இருக்கட்டும்.”

ரெஜினா அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நீதிபதியின் நெற்றியில் பச்சை விளக்கு எரிந்தது. “வழக்கு இரண்டு மாதத்துக்குத் தள்ளிவைக்கப்படுகிறது.”

அமலோற்பவத்துக்குத் தலையில் இடி விழுந்தது. சடகோபனே வாயைப் பிளந்தார்.

“யாருமே வாய்தா கேக்கலையே!” என்றார் அமலோற்பவம்.

“கேட்டிருந்தால் தோற்றிருப்பீர்கள். ஆனால் நீதிபதி தானாகத் தள்ளிவைக்கக் கூடாது என்று நீங்கள் எழுதவில்லை. விதி இல்லாத இடத்தில் நீதிமன்ற வழக்கப்படி நடக்க வேண்டும் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வழக்கம் எனக்குப் புரியட்டும் என்று பூமியின் நூறாண்டு வழக்குக் கட்டுகளையும் நீங்கள்தான் ஊட்டினீர்கள். எல்லாவற்றையும் படித்தேன். முதல் நாளே தீர்ப்பு சொன்ன நீதிபதி ஒருவர்கூட இல்லை.”

தீர்ப்பு வரும்வரை நிர்வாகத்தின் உத்தரவு அப்படியே நின்றது; காவலர்கள் வந்து ரெஜினாவின் தோளைத் தொட்டார்கள். அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

“ஐயோ, சாயங்காலம் கப்பல் கிளம்பிடுமே! எம் பொண்ணு செத்துப்போயிடுவா!” என்று பேராசிரியர் அலறினார்.

“அதை அடுத்த வாய்தாவில் சொல்லுங்கள்” என்றது நீதிபதி.