நாலாவது இருக்கை

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"இப்ப இல்ல. கேக்கற அன்னிக்கு மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"நகையைத் தவிர எது வேணா கேளுங்க."

"நகை எதுக்கு எனக்கு? சின்ன வேலை. ஒரு நிமிசத்துல முடிஞ்சிடும்."

கல்யாணமான வாரம், தேவிகாபுரம் கோயிலிலிருந்து ஆரணிக்குத் திரும்பும் பஸ்ஸில் பரசுராமன் அப்படிச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் டாங்கி ஓட்டியவன். பட்டாளத்தை விட்டு வந்து அப்பாவின் பட்டுத்தறியில் உட்கார்ந்தவன். அப்படிப்பட்ட ஆளுக்குப் பெண்டாட்டியிடம் கேட்க இவ்வளவு கூச்சமா என்று பூங்காவனத்துக்குச் சிரிப்பாக இருந்தது. அதன்பிறகு எத்தனையோ தடவை ஆரம்பித்திருக்கிறான். சாப்பிட்டுக் கை கழுவும்போது, தலை துவட்டும்போது, "உன்கிட்ட ஒண்ணு..." என்பான். அவள் நிமிர்ந்தால், "ஒண்ணுமில்ல" என்று போய்விடுவான். ஏதோ ஆசையான விஷயம்தான் என்று நினைத்து, அவன் கேட்கப்போகும் நாளுக்காக அவள் காத்திருந்தாள்.

எழுபத்து நாலாம் வருஷம் ஐப்பசியில், காலைத் தொங்கவிட்டு நெய்யும் தறிக்குழியைப் பெருக்க இறங்கியவள் கையில் அது தட்டுப்பட்டது. கால் வைத்து அழுத்தும் மிதிகட்டையின் மேல் ஒரு மரத்துண்டு, புதிதாக ஆணி அடித்திருந்தது.

"இது எதுக்குங்க?"

"கால் எட்டல."

அவள் அவனையே பார்த்தாள். தெருவிலேயே உயரமான ஆள் அவன். நிலைப்படி இடிக்கும் என்று குனிந்தே பழகியவன். இப்போது நிமிர்ந்தபடி நிலையைத் தாண்டி உள்ளே போனான்.

உள்ளே ஜன்னலோரப் பலகையில் அவன் செய்துகொண்டிருந்த வண்டி நின்றிருந்தது. முழ நீள டாங்கி. உடம்பு தேக்குமரம். பீரங்கிக் குழல், ஊடை நூல் சுற்றும் தார்க்குச்சி. சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிக்கு டால்டா டப்பாத் தகட்டை நகமளவு வெட்டிக் கம்பியில் கோத்திருந்தான். இழுவைக் கயிற்றுக்கு அவள்தான் பட்டு முறுக்கிக் கொடுத்தாள். ரேடியோக் கம்பிக்கு ஜரிகை. பச்சைப் பெயிண்ட் காய்ந்ததும் கரித்தூளை மண்ணெண்ணெயில் குழைத்து இடுக்குகளில் ஓடவிட்டு மேலாகத் துடைத்தான். மரம் மறைந்து, எண்ணெய் கசிந்த பழைய இரும்பாகிவிட்டது. மேலே இருக்கும் பீரங்கிக் கூண்டைத் தூக்கினால் உள்ளே மூன்று இருக்கைகள். முன்பக்கம் தனியாக, ஓட்டுகிறவனுக்கு நாலாவது இருக்கை. அதற்கு மட்டும் இன்னும் மூடி போடவில்லை.

"உன் வூட்டுக்காரு பொடவை நெய்யறாரா, டாங்கி நெய்யறாரா?" என்பாள் பக்கத்து வீட்டுக் கமலம். "கல்யாணப் பொண்ணு எதைக் கட்டிகினு மணையில உக்காரும்?"

பூங்காவனமும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். அந்த வண்டியைச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் அவன் தூக்கத்தில் கத்துவது நின்றது. அவள் தோளில் தலை வைத்துத் தூங்கினான். அதற்காக எத்தனை வண்டி வேண்டுமானாலும் செய்யட்டும் என்று இருந்தாள்.

எல்லாம் முந்தின மாசம், ஒரு டின் சாம்பலில் ஆரம்பித்தது.

தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவின் முனையோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பது அவள் வேலை. பட்டு வழுக்கும். விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டால்தான் முடிச்சு நிற்கும். புரட்டாசி மழை ஒழுகி அவளுடைய சாம்பல் கொட்டாங்கச்சி நனைந்துவிட்டது. அலமாரியில் ஒரு டீத்தூள் டின் இருந்தது. அதைத் தினமும் காலையில் அவன் கண்ணில் ஒற்றிக்கொள்வதைப் பார்த்திருக்கிறாள். திறந்தால் மெத்தென்று சாம்பல். கோயில் திருநீறு, முகூர்த்தப் புடவைக்கு நல்லதுதான் என்று தொட்டுத் தொட்டு, சாயங்காலத்துக்குள் ஆயிரக்கணக்கான இழைகளையும் பிணைத்து முடித்தாள்.

பஜாருக்குப் போயிருந்தவன் வந்து டின்னைத் தூக்கிப் பார்த்தான்.

"இதைத் தொட்டியா?"

"திருநீறுதானேங்க?"

"சண்டையில எங்க வண்டி எரிஞ்சு ஆறினப்புறம் உள்ள இருந்து வாரினது." அவன் குரலில் கோபமே இல்லை. "வேடியப்பன், துரை, வீரன். முன்னாடி உக்காந்திருந்ததால நான் மட்டும் வெளிய வந்துட்டேன். அவங்களைத் தனித்தனியாப் பிரிக்க முடியல."

அவள் விரல்களை முந்தானையில் அழுத்தித் துடைத்தாள். அவன் பாவின் மேல் உள்ளங்கையை வைத்து, குழந்தையின் முதுகைத் தடவுவதுபோல் மெதுவாகத் தடவினான்.

"பரவால்ல, வுடு. அவங்களுக்கு வூடு தெரிஞ்சிடுச்சு."

அன்றிலிருந்து கருகல் வாடை. கஞ்சி வாடைக்கும் ஈரப் பட்டின் வாடைக்கும் அடியில், எங்கோ துணியும் தோலும் சேர்ந்து பொசுங்குவதுபோல் ஒரு வாடை, எத்தனை முறை வீட்டைக் கழுவிவிட்டாலும் பாவுப் பக்கமிருந்து மெல்ல எழுந்து வந்தது. தூசி தட்ட ஒருநாள் பீரங்கிக் கூண்டைத் தூக்கியவள், தூக்கியபடியே நின்றுவிட்டாள். உள்ளே மூன்று ஆட்கள். கட்டைவிரல் உயரம். கரிக்கட்டை நிறம்.

"ஆளுங்களை எப்பங்க செஞ்சீங்க?"

"நான் செய்யலியே" என்றான் தறியிலிருந்து.

மறுநாள் பார்த்தபோது மூன்று தலைகளும் முன்பக்கம் திரும்பியிருந்தன. காலி இருக்கையைப் பார்த்தபடி.

அவனுடைய வேட்டி இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றியது. மோதிரம் சோற்றுத்தட்டில் கழன்று விழுந்தது. மிதிகட்டையில் இரண்டாவது மரத்துண்டு ஏறியது. அவள் தோளில் சாயும் தலை, நாளுக்கு நாள் கனமில்லாமல் போனது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவன் போய்க்கொண்டிருந்தான், அவள் கையிலிருந்தே, கொஞ்சம் கொஞ்சமாக.

"வந்தவாசிக்குப் போயிடலாங்க. அம்மா வூட்டுல கொஞ்ச நாள் இருக்கலாம். நாளைக்கு மொத பஸ்ஸுக்கே."

"போலாம். மூடி ஒண்ணுதான் பாக்கி."

அவன் குளிக்கப் போன நேரத்தில், அதை ஆற்றில் போட்டுவிடுவது என்று வண்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். அசையவில்லை. முழ நீள மரத்துண்டு, பாறைபோல் பலகையை அழுத்திக்கொண்டு கிடந்தது. தொட்ட இடம் அடுப்புக் கல்லாகச் சுட்டது. உள்ளே யாரோ நகர்ந்து உட்காரும் சத்தம். கையை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையிலிருந்து மழை கொட்டியது. ஏரித் தண்ணீர் ரோட்டில் ஏறியதால் பஸ் ஓடவில்லை என்று கமலம் வந்து சொல்லிவிட்டுப் போனாள். அவன் தறியில் உட்கார்ந்திருந்தான். குழியின் விளிம்புக்கு மேல் தலை மட்டும் தெரிந்தது. சாயங்காலம் கரண்ட் போனது. சமையல்கட்டில் அரிக்கேன் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவளுக்குத் தறிச் சத்தம்தான் துணை. அது கேட்கும்வரை அவன் இருக்கிறான். டக். டக். மழையோடு சேர்ந்து கேட்டது. பிறகு மெலிந்தது. யாரோ விரல் நகத்தால் தட்டுவதுபோல். பிறகு கடிகாரம்போல்.

நின்றது.

"ஏங்க?"

விளக்கோடு ஓடினாள். குழிக்குள் வேட்டி குவியலாகக் கிடந்தது. சட்டை அதன்மேல். பொத்தான்கள் போட்டபடியே இருந்தன. மிதிகட்டையில் அவன் மோதிரம்.

"ஏங்க. வெளையாடாதீங்க."

கருகல் வாடை உள்ளறையிலிருந்து வந்தது. புகை இல்லை. வாடை மட்டும்.

போகக் கூடாது என்று தெரிந்தது. போனாள்.

பலகையின் ஓரத்தில் மூடி இருந்தது. நகம் அளவு. விளிம்பில் பசை இன்னும் ஈரமாக. அதை எப்போது கையில் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. விளக்கைத் தாழ்த்தினாள்.

நாலாவது இருக்கையில் ஆள் இருந்தது.

கரி நிறம் இல்லை. மாநிறம். பிடரியில், தினமும் அவள் துண்டால் துவட்டிவிடும் இடத்தில், அதே மச்சம். பின்னாலிருந்து மூன்று கரிய கைகள் நீண்டு அதன் தோளைப் பிடித்திருந்தன. தலை மெதுவாக அவள் பக்கம் நிமிர்ந்தது. கண் சிமிட்டியது.

குரல் சின்னதாக இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசிய அதே குரல், அவள் காதோரத்தில்.

"பூங்காவனம். இது வெளிய இருந்துதான் மூட வரும். மூடிடு."