பெயர் சொல்லும் கட்டம்

தாய் வேடத்துக்காகக் கன்னத்தில் பூசிய அரிதாரம் உலர்வதற்குள் அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம் என்று உத்திராபதி வாயைத் திறந்தார். 'செல்லக்கண்ணு' என்று சொல்லத்தான் நினைத்தார். நாக்கோ 'குழந்தை' என்று தொடங்கிற்று. சட்டென்று உதடுகளை மூடிக்கொண்டார்.

செல்லக்கண்ணு இந்தச் சோரியாங்குப்பத்துப் பிள்ளை. கரும்புத் தோட்டத்தில் நாகம் தீண்டி மாண்டவன். மறுநாள் அவனுக்குக் கருமாதி. களத்தில் வீழ்ந்த மகனை மடியிலிட்டுத் தாய் புலம்பும் கூத்தை முந்தின இரவு ஆடுவிப்பது அவ்வூர் வழக்கம். விடியும் தறுவாயில், தாய் வேடம் பூண்டவர் கதைமகனின் பெயரை விடுத்து, இறந்தவனின் பெயரைச் சொல்லி அழைப்பார். அப்பெயருக்குரிய உயிர் அந்த மடிக்கு வந்து தலைசாய்த்து, அதன்பின் கரையேறும் என்பது நம்பிக்கை.

குழந்தைவேல் உத்திராபதியின் மகன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குக் கப்பலேறியவன். சண்டை மூண்டபின் அவனைப்பற்றி ஒரு செய்தியும் இல்லை. அன்று பிற்பகல் பாகூரிலிருந்து புறப்படுகையில், மனைவி தனக்கொடி வாசலில் குறுக்கே நின்று சொல்லியிருந்தாள்:

"ஊரான் புள்ளைக்கு எவ்ளோ வேணாலும் அழுதுட்டு வாய்யா. நம்ம புள்ள உசுரோட இருக்குறான். அத மட்டும் மறந்துடாத."

"இன்னாண்ணே, தாயாருக்கு வேர்த்து மீச வெளிய வருது," என்றான் மகன் வேடம் கட்டும் கண்ணையன், தோள்கட்டையை இறுக்கிக்கொண்டே. "காலை ஆட்டாம மடியில வெச்சுக்கண்ணே. போன வாட்டி கழுத்து சுளுக்கிக்கினு, நொண்டி மாடு கணக்கா திரும்பிக்கினு இருந்தேன்."

"செத்தவன் கொறட்ட வுட்டா மடி ஆடத்தான் செய்யும்."

கண்ணையன் சிரித்தான். உத்திராபதிக்குச் சிரிப்பு வரவில்லை. "கடைசியில அந்தப் பேரை மட்டும் கூத்து வாத்தியாரு பின்பாட்டுல சொல்லிடலாமா?" என்றார்.

"பெத்தவ மடியில வெச்சுக்கினு இருக்கா, பேரைப் பக்கத்து வூட்டுக்காரனா சொல்லுவான்? இன்னாண்ணே ஆச்சு உனக்கு?"

உத்திராபதி தம்மூர்ச் சிவன் மூலநாதரை எண்ணித் திருவைந்தெழுத்தை நெஞ்சுக்குள் உருட்டினார். அவ்வெழுத்துகளின் அடியில், நீருக்குள் கிடக்கும் கல்லைப்போல, மகனின் பெயர் அசையாமல் கிடந்தது.

கூத்து தொடங்கிற்று. புன்னை எண்ணெய் குடித்த தீவட்டிகளின் கரும்புகையும், வைக்கோல் புழுதியின் நெடியும், விழித்திருக்கும் கூட்டத்தின் வியர்வையும் கலந்து களத்துமேட்டின்மீது கனத்து நிற்க, முகவீணைக் குழல் நெஞ்சை அறுப்பதுபோல் அழுதது. அந்த மணங்களினூடே வேறொன்றும் மெல்ல மெல்ல நுழைந்துவந்தது: நிலக்கரிப்புகை, ஈரக்கயிறு, உப்பு. மகனை வழியனுப்பிய நாளில் புதுச்சேரிக் கப்பற்பாலத்தில் நின்று முகர்ந்த காற்று. மத்தளம் ஓயுமிடத்தில் எல்லாம், திரைக்கு அப்பால் இருண்டு கிடந்த நெல்வயல்களில், மரத்தை அலை தட்டுவதுபோல் ஓர் ஓசை எழுந்தது. வேறெவரும் தலை திருப்பவில்லை. அவர் பாடினார். ஒவ்வோர் அடியின் முடிவிலும் நாக்கை அண்ணத்தில் அழுத்தி நிறுத்தினார்.

கீழ்வானம் சாம்பல் பூத்தது. கண்ணையன் அம்பு பட்டு விழுந்தான். உத்திராபதி அவன் தலையை மடியில் ஏந்தினார்.

இறந்தவனின் தாய் தையலம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, எதிரே முழங்காலிட்டு முந்தானையை விரித்தாள்.

"கூப்புடுய்யா. எம்புள்ள வழி தெரியாம நிக்குறான்."

மத்தளம் தணிந்தது. அவர் மூச்சை இழுத்தார். செல்லக்கண்ணு. செல்லக்கண்ணு. அதைத்தான் சொல்லவேண்டும்.

"குழந்தைவேலு," என்றார்.

முகவீணையின் ஒலி அறுந்தது.

"அது யாருய்யா?" என்றாள் தையலம்மாள். "யாரைக் கூப்புட்ட?"

திருத்திவிடலாம். ஒரு சொல் போதும். அவர் வாயெடுத்தார்.

மடி கனத்தது.

முதலில் குளிர் ஏறிற்று. பிறகு ஈரம். சேலையை ஊடுருவித் தொடையில் பரவிய ஈரம். குனிந்து பார்த்தார். கண்ணையனின் உதட்டோரத்திலிருந்து நீர் வழிந்தது. தெளிந்த நீர். அரிதாரத்தைக் கரைத்துக்கொண்டு அது காதுக்கு இறங்கிற்று. காதிலிருந்தும் நீர் வந்தது. கண்ணையனின் கைகள் அவர் மணிக்கட்டைப் பற்றின. கால்கள் தரையை உதைத்தன. சலங்கை கலகலத்தது. கூட்டத்தில் சிலர், நடிப்பென்று எண்ணி, விம்மினர்.

நிரம்பிய அந்த வாய்க்குள்ளிருந்து, நீரைத் துளைத்துக்கொண்டு, ஒரு குரல்.

"அப்பா."

கண்ணையனின் குரலன்று.

"தலைய கீழ வுடு உத்திராபதி," என்று வாத்தியார் ஓடிவந்தார். "அவனுக்கு மூச்சு போவுது. வுடுய்யா."

வாத்தியார் தோளைப் பற்றி இழுத்தார். இருவர் கையைப் பிரிக்க முயன்றனர். விட்டுவிட்டால் கண்ணையன் பிழைப்பான். அது அவருக்குத் தெரிந்தது. விட்டுவிட்டால் மற்றவன் போய்விடுவான். அதுவும் தெரிந்தது.

"குளுருதுப்பா."

அவர் அந்தத் தலையை மார்போடு சேர்த்து இறுக்கினார். சலங்கை ஒருமுறை ஒலித்தது. பிறகு ஒலிக்கவில்லை.

பொழுது புலர்ந்தது. களத்துமேட்டில் உப்புநீர் பரவி, பதரும் வைக்கோலும் மிதந்தன. கூட்டம் வரப்பின்மேல் ஏறி நின்றது. தையலம்மாள் மட்டும் நகரவில்லை. நனைந்த முந்தானையை விரித்தபடியே, "எம்புள்ள பேரையும் ஒரு தடவ சொல்லுய்யா," என்று மெல்லக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். உத்திராபதி அவளைப் பார்க்கவில்லை. சாயம் முழுதும் கழுவப்பட்டு, விழி திறந்து, தம்மையே நோக்கிய அந்த முகத்தின்மேல் குனிந்து, பிள்ளையைத் தூங்கவைப்பவர்போல் மடியை அசைத்து அசைத்து, மகனின் பெயரையே அழைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் அந்த வாய் திறந்து, இன்னும் கொஞ்சம் கடலைக் கக்கிற்று.