ஏணிச் சத்தம்

நாற்காலியில் உட்காரும் முன்பே அந்தப் பெண் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அதில் ஓர் ஆண் மோதிரம் கோத்திருந்தது.

"அவரோடது. உடம்பு கரையில ஒதுங்கினப்போ விரல்லயே இருந்துச்சாம்."

சர்வேயர் மோதிரத்தைக் கையில் எடுக்காமல் குனிந்து பார்த்தார். விளிம்பின் பள்ளத்தில் நீலமாக ஏதோ ஒட்டியிருந்தது. விபத்தில் சிக்கிய படகுகளைச் சோதித்து, நடந்ததைக் கண்டுபிடிப்பது அவர் தொழில். பக்கத்தில் அவருடைய சகலை. போட்டோ ஸ்டூடியோவை வேலையாளிடம் விட்டுவிட்டுப் பாதி நாள் இங்கேதான் இருப்பார்.

"நடந்ததைச் சொல்லுங்கம்மா."

"கோடை வந்தா நானும் அவரும் பாய்மரப் படகுல கரையோரமாப் போவோம். அன்னைக்குச் சாப்பிட்டதும் குமட்டல் மாத்திரை போட்டுக்கிட்டுக் கீழ்அறையில படுத்தேன். காத்தே இல்ல. கடல் எண்ணெய் ஊத்தின மாதிரி அசையாமக் கிடந்துச்சு. படகுக்குப் பின்னால ஒரு மடக்கு ஏணி இருக்கு. அது ரெண்டு நாளா லொடலொடன்னு ஆடி என்னைத் தூங்க விடல. காலையிலகூட அதுக்காக அவரோட சண்டை. மாத்திரை மயக்கத்துல படுத்தா மறுபடியும் அதே சத்தம். 'அதைக் கட்டித் தொலைங்களேன்'னு கத்தினேன். அப்புறம் காத்து கிளம்பி, படகு நகர்ந்துச்சு. சத்தமும் நின்னுபோச்சு. கட்டிட்டார்னு நினைச்சுத் தூங்கிட்டேன். எழுந்து மேல வந்தா... அவர் இல்ல."

"ஏணி?"

"மேல மடக்கி, மஞ்சள் துண்டு சுத்திக் கட்டியிருந்துச்சு. அதைத்தான் என் கொழுந்தன் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. அண்ணன் தண்ணியில இறங்கினதும் ஏணியைத் தூக்கிக் கட்டிட்டேனாம். போலீசுல எழுதியே கொடுத்துட்டாரு. போலீசுல சிலர், அவரே வேணும்னு குதிச்சுச் செத்துப்போயிருப்பார்ங்கறாங்க."

சகலை கொதித்தார். "அண்ணன் பொண்டாட்டியைப் பார்த்து இப்படியா பேசறது? நாக்குல நரம்பே இல்லாத ஆளா இருப்பான்!"

"என்னை ஜெயில்ல போடட்டும், பரவாயில்ல. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். என்னை விட்டுட்டுப் போகணும்னு அவரே போனாரா?"

சர்வேயர் அவளிடம் கணவரின் போனையும் மோதிரத்தையும் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

படகைக் கரையேற்றி, பழுதுபார்க்கும் கொட்டகையில் மரமுட்டுகள் மீது நிறுத்தியிருந்தார்கள். நீலம் பூசிய வயிறு தலைக்கு மேல் தெரிந்தது. போலீஸ் எதையும் கலைக்கவில்லை. படகின் பின்கோடியில் வார் அறுந்த செருப்பு ஒன்று கிடந்தது. அதன் ஜோடி இல்லை. சர்வேயர் அறை முழுவதும் தேடியும் கணவரின் மூக்குக்கண்ணாடி கிடைக்கவில்லை. கூடு மட்டும் காலியாக இருந்தது.

ஏணியை இரு கைகளாலும் பிடித்து உலுக்கினார். துண்டு இறுக்கமாகச் சுற்றியிருந்ததால் சத்தம் எழவில்லை.

"மாமனார் வீட்டுக் கட்டிலும் இப்படி இருந்திருக்கலாம்," என்றார் சகலை. "புரண்டு படுத்தா ஊரே எழுந்துக்கும்."

சர்வேயர் சிரிக்கவில்லை. கீழே இறங்கி, படகின் பக்கவாட்டில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே விரலை வைத்து நகர்த்தினார். ஓரிடத்தில் நின்றார். உள்ளங்கை அளவு இடத்தில் நீலப் பூச்சு பொடிப்பொடியாகப் பெயர்ந்திருந்தது. அதற்கு நேர் உட்புறம் கீழ்அறையின் படுக்கை.

"சகலை, போன்ல கடைசியா எடுத்த படத்தைப் பெருசாக்கித் தாங்க. படத்துல அந்தம்மா இருந்தா, பின்னால என்ன இருக்குன்னு பார்க்கணும்."

மறுநாள் காலை, சர்வேயர் வரச்சொன்ன கொழுந்தனையும் சேர்த்து, நால்வரும் கொட்டகையில் கூடினார்கள். கொழுந்தன் அவளைப் பாராமல் தள்ளி நின்றான். அண்ணனின் அதே நெற்றி, அதே தோள். அவள் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாடகத்தைச் சீக்கிரம் முடிங்க. இவங்க கட்டலன்னா ஏணி தானாவா கட்டிக்கிச்சு?" என்றான்.

"உங்க அண்ணன் தற்கொலை பண்ணிக்கல," என்றார் சர்வேயர். "ஆசைக்கு நீந்தவும் இறங்கல. நீந்தப் போறவர் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டுத்தான் போவார். ஒத்தைச் செருப்போட யாரும் குதிக்கவும் மாட்டாங்க. வார் அறுந்து, கால் இடறி விழுந்திருக்கார். விழுந்தவர் திரும்பி ஏறப் பார்த்திருக்கார்."

அவள் முகத்தில், பல நாட்களுக்குப் பிறகு, ஏதோ ஒன்று தளர்ந்தது.

"ஏற முடியாம ஏணியைக் கட்டினது யாரு?" என்றான் கொழுந்தன்.

சகலை படத்தை நீட்டினார். சாப்பாட்டுத் தட்டோடு அவள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஏணி மடக்கியிருந்தது. மஞ்சள் துண்டும் தெரிந்தது.

"சாப்பிடறப்போவே கட்டியாச்சு," என்றார் சர்வேயர். "காலையில சண்டை போட்டாங்கல்ல, மத்தியானம் நிம்மதியாத் தூங்கட்டும்னு சொல்லாமலே கட்டிவெச்சிருக்கார்."

"அது இவங்களுக்குத் தெரியாதுன்னு எப்படிச் சொல்றீங்க? இவங்களே கட்டியிருந்தா?"

சர்வேயர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க கொஞ்சம் வெளியில இருங்கம்மா."

"இல்ல. இருக்கேன்."

அவர் கொழுந்தன் பக்கம் திரும்பினார். "ஏணி ஆடிச்சுன்னு போலீசுலயும் சொன்னாங்க, என்கிட்டயும் சொன்னாங்க. கட்டியிருக்குன்னு தெரிஞ்சவங்க அப்படிச் சொல்வாங்களா? பொய் சொல்றவங்ககூட அந்தப் பொய்யைச் சொல்லமாட்டாங்க. இவங்களுக்குத் தெரியாது. அதை நான் எழுதிக் கொடுக்கறேன். அவ்வளவுதான்."

அதோடு நிறுத்தத்தான் நினைத்தார். அதற்குள் சகலை முந்திக்கொண்டார்.

"அதானே! காத்துமில்ல, அலையுமில்ல, கட்டின ஏணி வேற. அப்போ அவங்க கேட்டது என்ன சத்தம், சகலை?"

கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

சர்வேயர் மோதிரத்தைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். அவள் கையை நீட்டினாள். அவர் தயங்கினார், அவள் கை அப்படியே நீண்டிருந்தது. கடைசியில் கொடுத்தார்.

பள்ளத்தில் இருந்த நீலத்தை அவள் பார்த்தாள். படகின் வயிற்றைப் பார்த்தாள். யாரும் காட்டாமலேயே பூச்சு பெயர்ந்த இடத்துக்குப் போய் நின்றாள்.

"இதுக்கு உள்பக்கம் என் தலைமாடு," என்றாள்.

"காத்து வந்ததாலதான் அவர் தட்டின சத்தம் நின்னுச்சும்மா," என்றார் சர்வேயர் மெல்ல. "பாய் விரிஞ்சிருந்துச்சு. படகு அவரை விட்டு விலகிப் போயிடுச்சு. நீங்க சொன்னதால இல்ல."

"நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்கும்."



அவள் மோதிரத்தை விரலில் மாட்டினாள். பெரிதாக இருந்தது, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தில் தட்டினாள். உள்ளே வெற்றறை அதிர்ந்து, தளர்ந்த ஏணி ஒன்று ஆடுவதுபோல் லொடலொடவென்றது.

"இந்தச் சத்தம்தான்," என்றாள். மறுபடியும் தட்டினாள்.

கொழுந்தன் அருகே வந்தான். அந்தப் புகாரை எழுதிய நாளிலிருந்து சொல்லாத சொல் அவன் வாயில் வந்தது.

"அண்ணி, போதும் அண்ணி."

இந்த முறை சத்தம் நிற்கவில்லை.