ரெண்டாவது கியரில் ஒரு வெட்டு!

கோழித் தீவன மூட்டைகளுக்கு நடுவே சௌந்திரம் குப்புறக் கிடந்தாள்.

கழுத்தில் ஒரே வெட்டு!

எருமப்பட்டிக்கு வெளியே அவளுடைய சொந்தக் கோழிப் பண்ணை. பட்டப்பகல். நடந்ததைப் பார்த்தவை கொட்டகைக் கோழிகள் மட்டும்தான். கோழிகளுக்குச் சாட்சி சொல்லத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

முதலில் உள்ளே வந்தவன் பண்ணையாள் பச்சமுத்து. பதறிப் போய் அவளைப் புரட்டிப் பார்த்தான்.

"ஐயோ... அம்மாவை வெட்டிப் போட்டாங்களே!"

அலறல் கேட்டு ஊரே ஓடி வந்தது. பச்சமுத்துவின் இரண்டு கையிலும் ரத்தம்... முந்தின நாள்தான் அவளோடு வாய்ச்சண்டை போட்டிருந்தான்.

போதாதா? லாக்கப்!

மறுநாள் காலை, நாமக்கல் போலீஸ் ஸ்டேஷன். பச்சமுத்துவின் மனைவி ஆராயி, இன்ஸ்பெக்டர் அருணகிரியின் காலில் விழுந்தாள்.

"கோழி அறுக்கறப்பவே கண்ணை மூடிக்கிற மனுசனுங்க சாமி! அது போயி ஆளை வெட்டுமுங்களா?"

"எந்திரி தாயி. மத்தியானம் கோர்ட்டுக்கு அனுப்பியாகணும். அதுக்குள்ள வேற ஆள் சிக்கினா உன் புருஷன் ஊட்டுக்கு வருவான். சிக்கலேன்னா..."

பெஞ்சைக் காட்டி அவளை உட்காரச் சொன்னார்.

வேற ஆள் இல்லாமலும் இல்லை. சௌந்திரம் புருஷனை இழந்தவள். அவளுக்கு இரண்டு கொழுந்தன்கள். பெரியவர் சென்னியப்பன், போர் போடும் ரிக் வண்டிகளுக்கு முதலாளி. சின்னவன் அர்த்தநாரி, முன்கோபி. சௌந்திரத்தின் ரோட்டோரக் காட்டில் பெட்ரோல் பங்க் வைக்க அவர்களுக்குக் கொள்ளை ஆசை.

"செத்தாலும் தர மாட்டேன்" என்றாள் அவள்.

செத்துவிட்டாள்!

ஆனால் அந்த நேரத்தில் தாங்கள் காரில் இருந்ததாக இரண்டு பேரும் சத்தியம் செய்தார்கள். சேலத்து மெக்கானிக்கிடம் வேலைக்கு விட்டிருந்த காரை எடுத்து சென்னியப்பன் ஓட்டி வந்தாராம். அர்த்தநாரி பின் சீட்டில் படுத்துத் தூங்கினானாம். வழியில் ஆண்டகளூர் கேட் டீக்கடைக்காரர் கார் போனதைப் பார்த்திருக்கிறார். உள்ளே யார் என்று பார்க்கவில்லை.

போன் அலறியது!

அருணகிரி கேட்டிருந்த டிரங்க் கால். மறுமுனையில் சேலத்து மெக்கானிக்.

"நேத்து அந்த அமெரிக்கக் காரை எடுத்துட்டுப் போனது யாரு?"

"சின்னவருங்க சார். அண்ணன் கடைவீதியில நிக்கறாரு, போய் ஏத்திக்கணும்னு சொன்னாரு."

"என்ன ரிப்பேர்?"

"ரிப்பேரே இல்ல சார். அது கிளட்ச் இல்லாத வண்டி. கியர் தானா மாறும். மாறறதே தெரியாது... அவ்வளவு நைஸா இருக்கும். சின்னவருக்கு அதான் புடிக்கல. லாரி ஓட்டின கைக்கு ஓட்டற மாதிரியே இல்ல, நச்சுன்னு மாறணும்னாரு."

"அதுக்கு?"

"கியர் பாக்ஸைப் பிரிச்சு, ஆயில் போற தகட்டுல ஓட்டையைப் பெருசு பண்ணி, ஸ்பிரிங்கைக் கனமா மாத்தி விட்டேன். இப்ப ரெண்டாவது கியர் விழறப்ப முதுகுல எட்டி உதைச்ச மாதிரி இருக்கும். தெரியாதவங்க அலறிடுவாங்க!"

"பின் சீட்ல படுத்துத் தூங்கலாமா?"

மெக்கானிக் சிரித்தான். "நீங்க வேற சார்! உருண்டு கீழ விழ வேண்டியதுதான்."

அருணகிரி போனை வைத்தார். கண்ணில் வெளிச்சம்.

"ஏட்டு! சின்னவன் தூங்கினேன்னு புளுகியிருக்கான். வண்டியை அண்ணன் கையில குடுத்துட்டு எருமப்பட்டிக்கு பஸ் ஏறியிருக்கான். இன்னிக்கு அவனைப் பின் சீட்ல படுக்க வெச்சுத் தாலாட்டுப் பாடிடலாம். ஜீப்பை எடு!"

தன் வீட்டு வாசலில் சென்னியப்பன் அழுது வீங்கிய கண்களோடு நின்றார்.

"எங்க நங்கையா... அண்ணன் சம்சாரம்னாலும் எனக்கு அம்மா மாதிரிங்க. அந்தப் பச்சமுத்துவைத் தூக்குல போடாம விடாதீங்க!"

"போட்டுடலாம். பண்ணையை இன்னொரு தடவை பார்க்கணும். உங்க கார்ல போலாங்களா? ஜீப் பின்னால வரட்டும்."

அர்த்தநாரி துள்ளி முன்னால் வந்தான்.

"நான் ஓட்டறேனுங்க!"

"வேண்டாம்" என்றார் அருணகிரி. "நேத்து எப்படி வந்தீங்களோ அப்படியே போகணும். அண்ணன் ஓட்டட்டும். நீங்க பின் சீட்ல படுத்துக்கங்க."

அர்த்தநாரியின் முகம் வெளுத்தது. மாட்டினான் என்று அருணகிரி மனதுக்குள் துள்ளினார்.

"அண்ணா... ஒரு நிமிசம்... வண்டியில ஒண்ணு சொல்லணுங்க..."

"வாயை மூடிட்டு ஏறுடா!" சென்னியப்பன் சீறினார்.

மெட்ராஸ் ஏலத்தில் எடுத்த கார். ஸ்டியரிங் இடது பக்கம். அருணகிரி வலது பக்கம் உட்கார்ந்து, முழுசாகப் பின்னால் திரும்பிக் கொண்டார். உருளப் போகிறவனைப் பார்க்க வேண்டுமே!

சென்னியப்பன் லீவரைத் தள்ளினார். கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. தெரு முனை தாண்டியது. மெயின் ரோடு. சென்னியப்பன் ஆக்ஸிலேட்டரை அழுத்தினார்.

பின் சீட்டில் அர்த்தநாரி கண்ணை இறுக மூடினான்...

முன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்தான்...

பல்லைக் கடித்தான்...

அருணகிரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவனுக்கு உதை வரப் போவது தெரிகிறதே! அந்த உதையோடு பழகினவன் மாதிரி அல்லவா பிடித்துக் கொள்கிறான்! அப்படியானால்...

நச்!

கார் ஒரு உதை உதைத்துப் பாய்ந்தது!

"அடக் கெரகமே! என்றா ஆச்சு வண்டிக்கு?!"

அலறினது அர்த்தநாரி இல்லை.

சென்னியப்பன்!

பிரேக்கில் ஏறி நின்றார். கார் கிறீச்சிட்டு நடு ரோட்டில் நின்றது.

அருணகிரி மெல்ல முன்பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க... நேத்து சேலத்துல இருந்து இதே வண்டியைத்தானே ஓட்டிட்டு வந்தீங்க? வழி பூரா இப்படித்தானே உதைச்சிருக்கும்?"

சென்னியப்பன் லீவரையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அது... நேத்து... இப்படி வெட்டலைங்க..."

"ஆமா. நேத்து வெட்டினது வண்டி இல்லீங்களே... நீங்க! பின் சீட்ல படுத்தவனைத்தான் போலீஸ் சந்தேகப்படும்னு, ஓட்டினது நீங்கன்னு கெட்டிக்காரத்தனமா சொல்லிட்டீங்க. நானும் ஏமாந்துதான் போனேன்."

பின் சீட்டில் அர்த்தநாரி வெடித்து அழுதான்.

"நங்கையாகிட்டப் பேசிட்டு வாரேன்னுதானே சேலத்துல பஸ் ஏறுனீங்க! வெட்டிட்டு வந்து நின்னா நான் என்னங்கண்ணா பண்ணுவேன்? நீங்க சொல்லச் சொன்ன பொய்யைத்தான் சொன்னேன். கியரை மாத்தினதைச் சொன்னா திட்டுவீங்கன்னு... அதை மட்டும் சொல்லாம விட்டுட்டேனுங்கண்ணா!"

சென்னியப்பன் ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக் கொண்டார்.

"கால்ல விழுந்து கேட்டேனுங்க... செத்தாலும் தர மாட்டேன்னு சிரிச்சா. அந்தச் சிரிப்பு தாங்கல. பக்கத்துல அருவா கிடந்துது..."

ஜீப் வந்து நின்றது. ஏட்டு குதித்து ஓடி வந்தார்.

"ஏட்டு, ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பு! பச்சமுத்துவைக் கோர்ட்டுக்குக் கொண்டு போக வேண்டாம்னு சொல்லு. முதல்ல ஆராயிகிட்டச் சொல்லணும். பாவம், காலையில இருந்து பச்சைத் தண்ணி குடிக்கல அந்தப் பொம்பளை."

அண்ணனையும் தம்பியையும் ஜீப்புக்கு நடத்தினார்கள். படியில் கால் வைக்க முடியாமல் சென்னியப்பன் தடுமாறினார்.

அருணகிரி அவர் தோளைத் தாங்கிப் பிடித்தார்.

"பயப்படாம ஏறுங்க. எங்க ஜீப்பும் ரெண்டாவது கியர்ல உதைக்கும்... ஆனா நான் உங்க தம்பி மாதிரி இல்ல, முன்னாடியே சொல்லிட்டேன்!"