முதல் அட்டையில் சிவப்பு

"என்னைத் திருடன்னு சொல்லிட்டான் மேடம். அவன் ஊரைவிட்டுப் போறதுக்குள்ள, நான் திருடலைன்னு அவனுக்குத் தெரியணும். அட்டை கிடைக்கலைன்னாலும் பரவால்ல."

ஈஜிபுராவில் ஒரு பேக்கரிக்கு மேலே இருக்கும் வனஜாவின் துப்பறியும் அலுவலகத்துக்கு இப்படிப்பட்ட வேண்டுகோள் வருவது அபூர்வம். மாப்பிள்ளை குடிப்பாரா, பங்காளி சொத்தை மறைக்கிறாரா என்று விசாரிக்கச் சொல்லித்தான் வருவார்கள். தொலைந்த பொருள் வேண்டாம், பெயர் மட்டும் திரும்பினால் போதும் என்று கேட்டவர் எதிரே உட்கார்ந்திருந்த சிரில்தான். குக் டவுன் மைதானத்தில் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் சொல்லித்தருகிறவர். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். இத்தனை நாள் பந்தைப் பிடித்துப் பிடித்து விரல் நுனிகளில் சிவப்புச் சாயம் ஏறியிருந்தது.

வனஜாவின் உதவியாளன் கவியரசன் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐடி கம்பெனி வேலை போன பிறகு இங்கே வந்து சேர்ந்தவன். எந்த வழக்கையும் காபி ஆறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று துடிப்பான். வனஜா காபியைக் குடித்து முடித்த பிறகுதான் முதல் கேள்வியையே கேட்பார்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க சார்."

சிரில் சொன்னார். மல்லேஸ்வரத்தில் இருக்கும் சீனிவாசராகவனும் அவரும் கல்லூரிக் காலத்து நண்பர்கள். மிட்டாயோடும் பபிள்கம்மோடும் சிகரெட்டோடும் உலகம் முழுக்க வந்த கிரிக்கெட் அட்டைகளை நாற்பது வருடமாகச் சேர்த்தார்கள். பழைய புத்தகக் கடைகளில் தேடி எடுப்பது சிரில். துடைத்து, அடுக்கி, ஆல்பத்தில் வைப்பது ராகவன். இப்போது ராகவனும் மனைவி ராஜலக்ஷ்மியும் அமெரிக்காவில் இருக்கும் மகனோடு போய்விடப் போகிறார்கள். திரும்பி வரும் எண்ணமில்லை. மும்பையில் ஒருவர் எல்லா ஆல்பங்களையும் சேர்த்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

"வியாழக்கிழமை சாயங்காலம் ரெண்டு பேரும் கடைசியா ஒரு தடவை எல்லாத்தையும் பார்த்தோம். எல்லாம் இருந்துச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானம், வாங்கறவரோட ஆள் தருண்னு ஒருத்தர் வந்தாரு. நானும் மைதானத்துலேர்ந்து நேரா போனேன். முதல் ஆல்பத்தைத் திறந்தா முதல் அட்டை இல்ல. இருக்கறதுலயே உசத்தி அதுதான். ஐம்பதுகள்ல ஆஸ்திரேலியாவுல வந்தது. அது இருந்த இடத்துல சிவப்பா ஒரு தீற்றல். ராகவன் என் கையைப் பார்த்தான். அவ்ளோதான்."

"என்ன சொன்னார்?"

"பையைக் கொட்டுடான்னான். அந்த ஆள் முன்னாடி. கொட்டினேன். டவல், விசில், சாப்பாட்டு டப்பா. ஒண்ணும் இல்ல. அப்பவும், இனிமே வராதேன்னுட்டான்."

கவியரசன் செருமினான். பந்துச் சாயம், தீற்றல், ஆல்பங்கள் இருக்கும் இடம் தெரிந்த நண்பர். அவன் மனதுக்குள் வழக்கு முடிந்தே போயிருந்தது. வனஜா வேறு எதையோ கேட்டார்.

"ஆல்பத்துலேர்ந்து ஒரு அட்டையை எடுக்கணும்னா நீங்க எப்படி எடுப்பீங்க?"

"உறையோடதான். ஒவ்வொரு அட்டையும் மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் உறைக்குள்ள இருக்கும். அந்த உறையோடதான் ஆல்பத்துப் பக்கத்துல இருக்கற சின்ன அறைக்குள்ள போகும். வெறும் கையில அட்டையைத் தொட்டதே இல்ல மேடம். அது பழகிப்போச்சு. இப்போ தொடுன்னு சொன்னாலும் கை வராது."

மறுநாள் காலையில் மூவரும் மல்லேஸ்வரம் போனார்கள். தருணையும் வனஜா வரச் சொல்லியிருந்தார். கதவைத் திறந்த சீனிவாசராகவன் சிரிலைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நெற்றியில் திருமண், ஒட்ட வெட்டிய நரைமுடி. ஓய்வுபெற்ற பிறகும் அதிகாரி மிடுக்குப் போகாத மனிதர்.

"இவன் வரான்னு சொல்லியிருந்தா நான் கதவையே திறந்திருக்க மாட்டேன்."

"அதனாலதான் சொல்லலை சார்," என்றார் வனஜா.

கூடம் முழுவதும் அட்டைப்பெட்டிகளும் சூட்கேஸ்களும். ஒவ்வொரு பெட்டிக்கும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தது. மேஜைமேல் கிடந்த விமான டிக்கெட் கவரைக்கூட விட்டுவைக்கவில்லை. கவியரசன் குனிந்து வனஜாவின் காதில், "கல்யாணப் பத்திரிகை அடுக்கி வெச்ச மாதிரி இருக்கு மேடம்," என்றான். வனஜா சிரிக்கவில்லை. பெட்டிகளை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

ராஜலக்ஷ்மி காபி கொண்டுவந்தார். தருண் இருந்தார், வெளியாட்கள் இருந்தார்கள், வீட்டு எஜமானர் இருந்தார். ஆனாலும் முதல் தம்ளரை ராஜலக்ஷ்மி சிரிலுக்குத்தான் கொடுத்தார். கொடுக்கும்போது தலை நிமிரவில்லை.

ஆல்பங்கள் வைத்த பீரோ உள்ளறையில் இருந்தது. சாவி பூஜை அலமாரியில், பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. அது அங்கே இருக்கும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், சிரிலுக்கும் தெரியும். தருண் மட்டும் அந்த வெள்ளிக்கிழமைதான் முதன்முதலாக அந்த வீட்டுக்குள் நுழைந்திருந்தார். அன்று ஆல்பத்தை எல்லார் முன்னிலையிலும்தான் திறந்தார்கள்.

ராகவன் முதல் ஆல்பத்தை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். முதல் அறை காலி. அறையின் வாயில் செங்கல் நிறத்தில் ஒரு தீற்றல் காய்ந்திருந்தது.

"பார்த்தேளா? வேற யார் கையில இந்தச் சிவப்பு இருக்கு?"

"அட்டை மட்டுந்தான் இல்ல. உறை உள்ளேயே இருக்கே சார்," என்றார் வனஜா.

ராகவன் குனிந்து பார்த்தார். வெறும் உறை அறைக்குள் ஒட்டிக்கொண்டு கிடந்தது. கோபத்தில் இத்தனை நாளாக அவர் அதைக் கவனித்திருக்கவில்லை.

"உங்களை மாதிரி ஒருத்தர் எடுத்திருந்தா உறையோட எடுத்திருப்பார். திருடறவனுக்கு அட்டை மேல இன்னும் அக்கறை. அது கசங்கினா அவனுக்கு என்ன லாபம்? உறையை விட்டுட்டு அட்டையை மட்டும் உருவினது, இந்த வேலை தெரியாத ஒரு கை."

"அவசரத்துல உருவியிருப்பான்."

"சரி. அப்போ இந்தச் சிவப்பைக் கேப்போம். அம்மா, ஒரு எலுமிச்சம்பழம் குடுங்க."

ராஜலக்ஷ்மி சமையலறை வாசலிலேயே நின்றார். அவர் நகரவில்லை. கவியரசன்தான் உள்ளே போய் எடுத்துவந்து நறுக்கினான். வனஜா ஒரு சொட்டைச் சிரிலின் விரல் நுனியில் பிழிந்தார். பந்துச் சாயம் அப்படியே இருந்தது. இன்னொரு சொட்டை ஆல்பத்துத் தீற்றலின் ஓரத்தில் விட்டார். சாறு பட்ட இடத்தில் சிவப்பு விலகி, பளிச்சென்று மஞ்சளானது.

கவியரசன் தன்னை மறந்து, "எப்படி மேடம்?" என்றான்.

"ஆரத்தி கரைக்கறதைப் பார்த்ததில்லையா கவி? மஞ்சள்ல சுண்ணாம்பு விழுந்தா சிவக்கும். சோப்பு பட்டாலும் அப்படித்தான். புளிப்பு பட்டா பழையபடி மஞ்சளாயிடும். இது பந்துச் சாயம் இல்ல. மஞ்சள். அதைச் சோப்பு போட்டுத் துடைச்சிருக்காங்க." பெட்டிகளின் பக்கம் கையைக் காட்டினார். "வீட்டை விட்டுப் போற ஒவ்வொண்ணுக்கும் இங்கே மஞ்சள் வெச்சிருக்கு. டிக்கெட்டுக்குக்கூட. இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வெச்சிருந்த அட்டைங்க வெளியே போறப்போ, அதுக்கு மட்டும் வைக்காம இருப்பாங்களா?"

ராஜலக்ஷ்மி பூஜை அலமாரிக்குப் போனார். பெருமாள் படத்துக்குப் பின்னால் கையை விட்டு ஒரு மடித்த துணியை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். உள்ளே அட்டை இருந்தது. நான்கு மூலைகளும் ஊறி உப்பி, தோல் உரிந்து, செங்கல் நிறமாகியிருந்தன. நடுவில் நின்ற மட்டையாளர் மட்டும் ஒன்றும் நடக்காதவர்போல் பந்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லபடியா போகட்டும்னுதான் வெச்சேன்," என்றார் ராஜலக்ஷ்மி. "வெள்ளிக்கிழமை கார்த்தால பெட்டிக்கெல்லாம் வெச்சேனா, முதல் அட்டைக்கும் வெச்சு பெருமாள் முன்னாடி வெச்சேன். திரும்ப எடுக்கறப்போ மஞ்சள் உள்ளே ஊறிப்போயிருந்தது. துணி சோப்பைத் தொட்டுத் துடைச்சேன். ரத்தமா செவந்துடுத்து. ஈரக் கையோட திரும்ப உள்ளே போடப் பார்த்தேன், போகலை."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் வனஜா.

"சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள இவர் சிரிலைப் பையைக் கொட்டச் சொல்லிட்டார். பையில ஒண்ணும் இல்லைன்னதும் விட்டுடுவார்னு நெனச்சேன். விடலை. அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் பயம் ஜாஸ்தியாயிடுத்து." அவர் சிரிலைப் பார்த்தார். "நேக்கு மன்னிப்புக் கேக்கக்கூட வாய் இல்லை."

"விடுங்க ராஜிம்மா. நீங்க நல்லதுக்குத்தானே பண்ணீங்க," என்றார் சிரில். அவர் அதை மனதாரத்தான் சொன்னார்.

தருண் அட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். முதல் அட்டை இல்லாமல் தன் முதலாளி இந்தத் தொகுப்பைத் தொடமாட்டார் என்று ஆங்கிலத்தில் சொல்லி, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவரை யாரும் தடுக்கவில்லை.

ராகவன் நாற்காலியில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் மிடுக்கெல்லாம் வடிந்து, வெறும் வயதான மனிதராகிவிட்டிருந்தார். மனைவியை அவர் திட்டவில்லை. ஆல்பத்தை மெல்லச் சிரிலின் பக்கம் நகர்த்தினார்.

"சிரில், நீ எடுத்துக்கோடா. எல்லா ஆல்பத்தையும். விக்க வேண்டாம். நான் பேசினதை மறந்துடு. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் நேக்குப் புத்தி கெட்டுப்போச்சு."

வழக்கு முடிந்துவிட்டது, இனி இருவரும் கட்டிக்கொள்வார்கள் என்று கவியரசன் உறுதியாக நம்பினான்.

சிரில் ஆல்பத்தைத் தொடவில்லை. மேஜையில் கிடந்த எலுமிச்சை மூடியை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"ராகவா, என் வீட்டுல ஏதாவது காணாமப் போய், யாராவது உன்னைத் திருடன்னு சொல்லியிருந்தா, அதை நம்பாம இருக்க எனக்கு இந்த எலுமிச்சம்பழம் வேண்டியிருக்காதுடா," என்று மூடியை மேஜையிலேயே வைத்தார். "உனக்கு வேண்டியிருந்துச்சு."

"சிரில்..."

"ஊருக்கு நல்லபடியா போய்ச் சேரு. ராஜிம்மாவைப் பார்த்துக்கோ. அவங்களைத் திட்டாதே."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். ராகவன் வாசல்வரை வந்தார். அதற்கு மேல் வரவில்லை. வந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பார் என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

தெருமுனையில் ஆட்டோவுக்காக நின்றார்கள். கவியரசனால் தாங்க முடியவில்லை.

"சார், நீங்க கேட்டது கிடைச்சிடுச்சே. நீங்க திருடலைன்னு அவருக்குத் தெரிஞ்சிடுச்சு. மன்னிப்பும் கேட்டுட்டாரு. போய்ப் பேசலாமே?"

"தெரிஞ்சிடுச்சு தம்பி. மேடம் ரொம்பத் தெளிவா நிரூபிச்சாங்க. தேங்க்ஸ் மேடம்." சிரில் தன் சிவந்த விரல்களைப் பார்த்துக்கொண்டார். எலுமிச்சைச் சாறு காய்ந்து பிசுபிசுத்தது. "நேத்து வரைக்கும் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்துச்சு. அவனுக்கு உண்மை தெரியாது, அதான் இப்படிப் பேசறான், தெரிஞ்சா எல்லாம் சரியாயிடும்னு. இப்போ அவனுக்கு உண்மை தெரியும். அப்பவும் ஒண்ணும் சரியாகலை."

கண்டுபிடிக்கத் தெரிந்த வனஜாவுக்கு இதற்கு மேல் செய்ய எதுவும் தெரியவில்லை. ஆட்டோ வந்தது. சிரில் அவர்களை ஏற்றிவிட்டு, தான் பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொல்லி அங்கேயே நின்றார்.