தொண்ணூற்று நான்கு சென்ரிமீற்றர் பனி

காலையில் முப்பது சென்ரிமீற்றராக இருந்த பனி, மாலைக்குள் தொண்ணூற்று நான்காக உயர்ந்திருந்தது. அதுவும் மிதவையின் நான்கு உணரிகளில் ஒன்றின் கீழே மட்டும்.

சுலோஜனாவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. 2008 டிசம்பர். வடதுருவக் கடலில் மிதந்தலையும் பனிக்கட்டியில் ஆளில்லாமல் நிற்கும் மிதவைகள் மணிக்கொருமுறை அனுப்பும் அளவுகளைப் பார்த்து, பிழையானதை அழிப்பதுதான் பிரேமர்ஹாபன் துறைமுக நகர ஆய்வுக்கூடத்தில் அவளுடைய வேலை. கம்பத்து உச்சியிலிருந்து உணரி கீழே ஒலி அனுப்பும். அது எதில் பட்டுத் திரும்பினாலும் பனி என்றே கணக்கு வைக்கும். கரடி வந்து நின்றாலும் அதற்குப் பனிதான்.

பக்கத்து மேசை ஜெனிஸ்டன் ஜாக்கெட்டை மாட்டியபடி எட்டிப் பார்த்தான்.

"உணரி பழுது, அக்கா. அழிச்சுப்போட்டு வீட்டை போங்கோ. நித்திரை கொண்டு எத்தினை நாள்?"

"ஓம் தம்பி, நீ போ."

அவள் அழிக்கவில்லை. அந்த எண் அவளுக்குத் தெரியும். அந்த மிதவையை நட்டவன் அவளுடைய கணவன் புவனேந்திரன். கப்பல் ஏறுமுன் கீழ்த்தளச் சோதனை அறையில், இன்னொரு மிதவையின் கீழே முழங்காலில் குனிந்து ஆணி முடுக்கியபோது, திரையில் அவன் தொண்ணூற்று நான்கு சென்ரிமீற்றர் பனியானான்.

"இஞ்சை பாரும், நான் ஸ்னோவாப் போனன்!" என்று சிரித்தான்.

புறப்படும்போது வாசலில் நின்று, "சரி, போறன்" என்றான். அவள் உடனே மறித்தாள்.

"போறன் எண்டு சொல்லாதேங்கோ. போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ."

திரும்பி நின்று அப்படியே சொன்னான். செப்டெம்பரில் பனிக்கட்டி பிளந்து கடல் அவனைக் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. உடலாவது வரட்டும் என்று அவள் கும்பிடாத நாளில்லை.

அடுத்த அளவு வந்தது. முதல் உணரியில் பழையபடி முப்பது. இரண்டாவதில் தொண்ணூற்று நான்கு. நாலு மணிக்கே இருட்டிய கட்டடத்தில் வெப்பக் குழாய்கள் முணுமுணுத்தன, யாரோ கழற்றி வைத்துப்போன கையுறையின் ஈரக் கம்பளி மணம் அறையெங்கும் நின்றது, களைத்த கண்கள் எரிய எரிய அவள் காத்திருந்தாள். அடுத்த மணியில் மூன்றாவது. பிறகு நான்காவது. கம்பத்தைச் சுற்றி வருகிறது. முழங்காலிலேயே.

பிறகு நான்கிலும் முப்பது. அங்கே எதுவும் இல்லை.

குழாய்கள் ஓய்ந்தன. அவள் விட்ட மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது.

திரையின் அடியில் இன்னொரு வரி மாறியது. கீழ்த்தளத்துச் சோதனை மிதவை. வெறும் சிமெந்துத் தரை. எப்போதும் பூச்சியம்.

தொண்ணூற்று நான்கு.

படிக்கட்டில் சத்தம். ஈரமாக. ஒரு இழுவை. ஒரு ஓய்வு. இன்னொரு படி.

ஓடவேண்டும் என்று நினைத்தாள். கதிரையிலேயே இருந்தாள். 'போட்டு வாறன்' என்று சொல்லவைத்தவள் அவள்தானே.

கதவுக் கண்ணாடியின் கீழ்ப்பாதியில், முழங்காலில் நிற்கும் ஒருவனின் வாய் உயரத்தில், உறைபனி வட்டமாகப் படர்ந்தது. கரைந்தது. மீண்டும் படர்ந்தது.

"வந்திட்டன்."