வைக்காத கை

கண்ணாடி அன்று காலையில்தான் வந்திறங்கியது. அதன் மேல் ஒட்டியிருந்த காகிதத்தை லமார், நோரீனின் கண்ணெதிரேதான் உரித்தான். உரித்த இடத்தில் ஒரு கை பதிந்திருந்தது.

படத்தின் அரங்கப் பொருள்களுக்கெல்லாம் லமார்தான் பொறுப்பு. துணியால் அழுத்தித் துடைத்தான். போகவில்லை. சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கமிருந்தும் துடைத்துப் பார்த்தான்.

"என்ன மேடம் இது, ரெண்டு பக்கமும் இல்ல. கண்ணாடிக்கு நடுவுல கையை விட்டானா எவனாவது?"

நோரீனுக்குச் சிரிப்பு வரவில்லை. பதிந்திருந்த கையில் சுண்டுவிரல் பாதியோடு நின்றிருந்தது. அவள் புத்தகத்துக் கைதி வெர்லன் டாட் சின்ன வயதில் அறுவடை எந்திரத்துக்குக் கொடுத்த விரல் அது.

"விரலப் பாத்தீங்களா? உங்க புஸ்தகத்துல இருக்கிற மாதிரியே. நம்மாளுங்க யாரோ வெளையாடியிருக்காங்க," என்றான் லமார். அவளும் அதையே நம்ப விரும்பினாள்.

அமெரிக்காவில் துல்சா நகருக்கு வெளியே ஒரு பழைய கோதுமைக் கிடங்கில், சிறையின் பார்வையாளர் அறையை அப்படியே கட்டியிருந்தார்கள். நடுவில் கண்ணாடி, இரண்டு பக்கமும் நாற்காலி, சுவரில் தொலைபேசி. எல்லாம் புதிது. கைதிகள் பக்கத்து இரும்புக் கதவு மட்டும், இடித்த சிறையொன்றிலிருந்து ஏலத்தில் எடுத்த அசல் கதவு.

ஒரு விவசாயக் குடும்பத்தைக் கொன்ற இரண்டு பேரைப் பற்றித்தான் நோரீன் எழுதினாள். ஒருவன் அவளிடம் வாயே திறக்கவில்லை. வெர்லன் பேசினான். வியாழன் தவறாமல், ஆறு வருடம். கொலையைப் பற்றிப் பேசினான். பிறகு தன் அம்மாவைப் பற்றி. அவளும் தன் மணவிலக்கைப் பற்றி, வேறு யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவனிடம் கொட்டினாள். அவனைப் பிடித்திருந்தது அவளுக்கு. அதை மறைத்துப் பயனில்லை.

நேரம் முடிந்ததும் அந்த அறையில் எல்லோரும் கண்ணாடியில் கை வைப்பார்கள். உள்ளேயிருந்து ஒரு கை, வெளியேயிருந்து ஒரு கை. வெர்லனும் வைப்பான். அந்த நேரம் பார்த்து நோரீனுக்குக் காகிதங்களை அடுக்க வேண்டியிருக்கும். ஒரு குழந்தையின் முகத்தில் தலையணையை அழுத்திய கை அது. அதன் மேல் தன் கையை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. கடைசி நாளிலும் வரவில்லை.

ஆனால் புத்தகத்தில் வைத்தாள். முழுக்க முழுக்க உண்மை என்று சத்தியம் செய்த புத்தகத்தில் அந்த ஒன்றுதான் பொய். அந்தப் பக்கத்தைப் படித்துத்தான் ஊரே அழுதது. அதனால்தான் இந்தப் படமும் உருவாகிறது. சுவரொட்டியிலும் அந்த இரண்டு கைகள்தான். வெர்லனுக்குத் தண்டனை நிறைவேறிய பிறகே புத்தகம் வெளியானது. செத்தவன் வந்து சாட்சி சொல்லவா போகிறான் என்று நிம்மதியாக இருந்துவிட்டாள்.

ஒளிப்பதிவாளர் பெட்ரா கூப்பிட்டாள். "மேடம், நடிகருக்கு இன்னும் மேக்கப் முடியல. லைட் வைக்கணும். அவருக்குப் பதிலா கொஞ்ச நேரம் கைதி சீட்ல உக்காருவீங்களா?"

"போங்க மேடம். ஆறு வருஷம் இந்தப் பக்கம் உக்காந்தாச்சு, அந்தப் பக்கமும் ஒருதரம் பாத்துடுங்க," என்றான் லமார்.

எல்லோரும் சிரித்தார்கள். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். போனாள்.

கதவு பின்னால் சாத்திக்கொண்டது. புதுப் பெயிண்ட் வாசனை வருமென்று நினைத்தவளின் மூக்கில் பினாயிலும், வெந்து குழைந்த பயறும், பல வருடம் ஒரே இடத்தில் அடைந்து கிடந்த ஆண்களின் வியர்வையும் கலந்து ஏறின. எதிரே விளக்குகள் எரிந்து கண்ணைக் கூசவைத்ததில், கண்ணாடிக்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்பதே தெரியவில்லை.

"கையக் கண்ணாடில வைங்க மேடம். அந்த ஷாட்டுக்குத்தான் லைட்டு," என்றது பெட்ராவின் குரல்.

"அப்பறம் வைக்கிறேன்," என்றாள்.

பேச்சுக்குரல்கள் தேய்ந்தன. எங்கேயோ புகையில் வாட்டிய இறைச்சி மணந்தது. சாப்பாட்டுக்குக் கலைந்துவிட்டார்கள் போலும். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எழுந்து கதவைத் தடவினாள். உள்பக்கம் பிடி இல்லை. தட்டினாள். தட்டிய சத்தம் அவளுக்கே கேட்கவில்லை.

தொலைபேசி கரகரத்தது. அதன் கம்பி எதிலும் சேராமல் தரையில் கிடந்தது. எடுத்தாள்.

"மிஸ் நோரீன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பார்வையாளராக அவள் உட்காரும் நாற்காலியில் வெர்லன் உட்கார்ந்திருந்தான். மழித்த முகம். கழுத்துவரை பொத்தான். முன்னால் காகிதக் கட்டு.

"அது உள்ளேர்ந்து தொறக்காது, மிஸ் நோரீன். நானும் எவ்வளவோ பாத்தேன்."

"என்னை வெளிய விடு, வெர்லன்."

"உக்காருங்க. நேரம் இருக்கு."

உட்கார்ந்தாள்.

"புஸ்தகம் படிச்சேன். கடைசிப் பக்கம் நல்லா இருந்துச்சு. அப்படி நடந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. இதற்குத்தான். இது ஒன்றுக்குத்தான்.

"வைக்கிறேன். இப்ப வைக்கிறேன்."

கண்ணாடியில் கையை வைத்தாள். சில்லென்றிருந்தது.

வெர்லன் அந்தக் கையைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு காகிதங்களைச் சேர்த்தான். மேசையில் தட்டி ஓரம் சரிசெய்தான். பேனாவைப் பையில் செருகினான். எல்லாம் அவள் செய்தது போலவே.

"அடுத்த வியாழக்கிழமை வரேன்," என்றான்.

கடைசி நாளில் அவள் சொன்னது அதுதான். அடுத்த வியாழன் அவனுக்குக் கிடையாது என்று தெரிந்தே சொன்னது.

தொலைபேசியை வைத்தான். போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

விளக்குகள் எரிந்தன. ஆட்கள் வந்தார்கள். நோரீன் கத்தினாள். கையை இழுத்தாள். வரவில்லை.

"அந்த அம்மா எங்க?" என்றாள் பெட்ரா.

"சாப்பிடப் போயிருப்பாங்க."

லமார் துணியோடு வந்தான். நேரே அவள் கண்களைப் பார்த்தான். ஆனால் அவன் பார்வை அவளை ஊடுருவி, பின்னால் இருந்த கதவில் போய் நின்றது. அவள் உள்ளங்கை மேல் துணியை வைத்துத் தேய்த்தான்.

"பெட்ரா, இங்க இன்னொண்ணு இருக்கு. பொம்பள கை. இதுல அஞ்சு விரலும் முழுசா இருக்கு."

"துடைச்சு விடு. ஷாட் ரெடி."

அவள் முகத்துக்கு நேரே கண்ணாடியில் மூச்சை ஊதி, லமார் மறுபடியும் துடைக்க ஆரம்பித்தான்.